மணிக்கு நிற்கும் கை

ஷிபாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. மாதா கோயிலில் பிரசங்க நேரத்திலும் அவள் விரல்கள் பெஞ்சில் தாளம் போடும். அப்படிப்பட்டவள் டிரம்ஸ் வாசிக்காமல் வேறென்ன செய்வாள்?

பூதப்பாண்டியிலிருந்து வரும் சுதன் கிதார், பக்கத்து வீட்டு லிஜின் பாட்டு, இவள் டிரம்ஸ். கடற்கரையில் வலை போட்டுவைக்கும் கொட்டகையில்தான் பயிற்சி. சாயங்காலம் கோயில் மணி அடித்தால் அந்த ஊரில் வழியில் போகிறவர்கள்கூட நின்று செபம் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் ஷிபாவின் கையும் நின்றுவிடும். சுதன் பல்லைக் கடிப்பான். முதலில் அவளோடு நின்ற லிஜின், பிறகு சுதனுக்குப் பயந்து மணியடிக்கும்போதும் பாட ஆரம்பித்தான்.

"ஏலே, ஒனக்கு மணி கேக்கல்லியா?" என்று ஷிபா கத்தினாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பாட்டைப் பதிவுசெய்யச் சுதன் வீட்டுக்குப் போனார்கள். கதவடைத்த அறை, வெளிச்சத்தம் எதுவும் கேட்காது. ஆனாலும் சாயங்காலம், பாட்டு உச்சத்துக்குப் போன நேரத்தில், அவள் கை தானாக நின்றது.

"மணியே அடிக்கல்லியே, பின்ன எதுக்கு ஏட்டி நிறுத்துன?" சுதன் ஹெட்போனைத் தூக்கி எறிந்தான். "இனி மெஷின் அடிக்கட்டும். அதுக்குச் செபம் தெரியாது."

ஷிபா லிஜினைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் குச்சிகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பிறகு லிஜினும் அங்கே போகவில்லை என்று கேள்வி.

இப்போது கொட்டகையில் தனியாக வாசிக்கிறாள். நேற்று மணி அடித்தது. வீம்புக்கு நிறுத்தாமல் அடித்தாள். இன்னும் வேகமாக அடித்தாள். நிமிர்ந்தபோது வாசலில் லிஜின் கைகூப்பி நின்று செபம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கையை நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை.