போர்டுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை முடிந்தால் எனக்கு வேலை கொட்டும். நம் பக்கத்தில் அன்றைக்குப் பொட்டு வாங்காத பொருள் உண்டா? கிரைண்டருக்குப் பொட்டு, பைக்குக்குப் பொட்டு, பீரோவுக்குப் பொட்டு. வெளியில் வைத்தால் சாமிக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். உள்ளே வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் புண்ணியத்தில்தான் என் அடுப்பு எரிகிறது, இருந்தாலும் அவர்களைத் திட்டாமல் இருக்க எனக்கு வராது.

கல்யாணத்துக்கு முன்னால் சென்னைப் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்பெனியை மூடினார்கள், கையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கிற சால்டரிங் வேலை மட்டும் மிஞ்சியது. புதுக்கோட்டையில் வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு, சாஃப்டி ஐஸ்கிரீம் மெஷின்களின் சர்க்யூட் போர்டுகளைப் பழுது பார்க்க ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் அப்போதும் சிங்கப்பூரில்தான். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் திரும்பக் கட்ட ஆரம்பித்துவிடுவோம்.

ஒரு வருஷம் பூஜை முடிந்த கையோடு கீரமங்கலத்திலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் வந்து இறங்கினாள். போர்டைத் துண்டில் சுற்றி, கைப்பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். பிரித்துப் பார்த்தேன். பெரிய சில்லுக்குப் பக்கத்தில் வரிசையாக மூன்று சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம்.

"இத யாருத்தா வச்சது?"

"நாந்தாங்க்கா. மெஷின் மாட்ட வந்தவரு பக்கத்து மூடியக் கழட்டி, இதான் மூளைன்னு காமிச்சாரு. வெளிய தகரத்துக்கு மட்டும் வச்சாப் பத்துமா, மூளைக்கும் வைப்போம்னு வச்சுட்டேன். காயறதுக்குள்ள எங்க வீட்டுக்காரவுக சுவிச்சப் போட்டுட்டாக. பட்டுன்னு ஒரு சத்தம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. வாய் நிறைய வசவை எடுத்து வைத்திருந்தேன். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவள் புருஷன் குவைத்தில் இருந்தவர். இனிமேல் ஊரோடு இருந்துவிடலாம் என்றுதான் வந்து, இந்த மெஷினை வாங்கிப் போட்டிருக்கிறார். மெஷின் படுத்ததும் மனசு விட்டுப்போயிற்று. "நமக்குக் கடை ராசியில்லங்கிறாகக்கா. பழைய மொதலாளி கூப்புட்டுக்கிட்டே இருக்காராம். ஓடுனா இருப்பாக, ஓடலன்னா போயிருவாக. நான் பொட்டு வச்சது அவுகளுக்குத் தெரியாது, சொல்லிராதீக."

வசவை விட்டுவிட்டு ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தேன். புருஷனை ஏர்போர்ட்டுக்கு அனுப்புகிற கொடுமையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டு பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தேன். சந்தனத்துக்கு அடியில் செம்புக் கோடுகள் கரிந்து ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தன. கரியைச் சுரண்டி, அறுந்த இடத்தில் மெல்லிய ஒயரை வைத்துப் பற்றவைத்தேன். சூடு பட்டதும் ஈயப் புகையோடு சந்தனமும் சேர்ந்து மணத்தது. இன்றைக்கும் சந்தன வாசம் வந்தால் எனக்குக் கோயில் ஞாபகம் வருவதில்லை, அந்த முன்னறைதான் ஞாபகம் வருகிறது. எத்தனையோ போர்டு பார்த்தாயிற்று, அந்த ஒரு நாள் மட்டும் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பழுது பார்த்த போர்டுக்கு நேராகக் கரண்ட் கொடுக்க மாட்டேன். நடுவில் ஒரு குண்டு பல்பை வைத்துத்தான் கொடுப்பேன். போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்தது.

"நல்லா எரியுதுக்கா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"எரியக் கூடாதுத்தா. எரிஞ்சா உள்ள இன்னும் ஷார்ட்டு இருக்குன்னு அர்த்தம்."

இன்னொரு சாமானும் போயிருந்தது. அதைத் தேடிப் பிடித்து மாற்றிவிட்டு மறுபடி போட்டேன். பல்பு ஒரு மினுக்கு மினுக்கி மங்கிவிட்டது.

"ஐயோ, அணஞ்சிருச்சேக்கா," என்று மறுபடி அழப் போனாள்.

"அணஞ்சாத்தான் நல்லது. எந்திரி, பஸ்ஸப் புடிப்போம்," என்றேன். ஒருநாளும் நான் போர்டைக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்ததில்லை. அன்றைக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

கடையில் அவள் புருஷன் வெறும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்கக்கா, உக்காருங்க," என்றார். போர்டை மாட்டினேன், டிஸ்ப்ளே வந்தது. அவள் பால் கலவையை ஊற்றினாள். மோட்டார் உறுமத் தொடங்கியது. கெட்டியாகும் வரை மூன்று பேரும் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கைப்பிடியை இழுத்தார். வெள்ளையாக, சுருள் சுருளாகக் கப்பில் இறங்கியது. முதல் கப்பை என்னிடம் நீட்டினார்.

"என்ன கோளாறுக்கா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஈரம் எறங்கியிருக்கு," என்றேன்.

"செவப்பு ஈரமாக்கா?" அவர் சிரித்தார். "மெஷினு படுத்த அன்னிக்கு ராத்திரியே மூடியக் கழட்டுனேன். அப்பயே பாத்துட்டேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?" என்று அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"சொன்னா நீ அழுவ. அழுதுக்கிட்டு நிக்கிறவள விட்டுட்டு எப்புடிப் பிளேன் ஏறுறது?"

அவர் நீட்டிய ரெண்டாவது கப்பை அவள் கையில் வாங்கிக்கொண்டாள். போவாரா இருப்பாரா என்று அவர் முகத்தையே பார்த்தாள். நானும்தான் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கடை வாசலில் வந்து நின்றார்கள். அவர் பிள்ளைகளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார்.

"இந்தப் பாலு காணாது," என்று பைக் சாவியை எடுத்தார். "வாங்கிட்டு வாரேன்."

வாரேன் என்று சொன்ன மாதிரியே வந்துவிட்டார். அவள் கையிலிருந்த கப் முழுசாக உருகக்கூட இல்லை.

என் கப்பை நான் தெருவில் நின்று தின்றேன். திருச்சி ஏர்போர்ட் வாசலில் என் வீட்டுக்காரர் சொன்னதும் அதே வார்த்தைதான், வாரேன்.