கன்னியப்பனின் சைக்கிளில் பிரேக் இருந்தது

தணிகாசலம் அன்று காலை சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி என் வீட்டு வாசலில் நின்று, "கன்னியப்பன் ஏரில கீறாரு" என்றான். செத்துப்போனார் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, "சைக்கிளும் கூடவே கீது" என்றான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவரையும் சைக்கிளையும் கரையில் கிடத்தியிருந்தார்கள். கிராம முனிசீப் எங்களுக்கு முன்பே வந்து, பார்த்து, எழுதி முடித்துவிட்டார். இருட்டில் ஏரிக்கரை மேல் சைக்கிள் ஓட்டி வந்தவர், பிரேக் பிடிக்காமல் தண்ணீரில் விழுந்து இறந்தார் என்பது அவர் எழுதியது. போலீசார் அதைப் படித்துத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

கன்னியப்பன் அவர்களைத் தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்தவர்களுக்காகவும்தான், அவர்களில் சிலர் இப்போதே தெரியாதவர்கள்போல நடக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் 'அவர்' என்று எழுதுவது சிலருக்குப் பிடிக்காது. அவர் தினமும் கடந்த தெருவில் ஒருவரும் அவரை அப்படிச் சொன்னதில்லை. அதனாலேயே அப்படி எழுதுகிறேன்.

அயனம்பாக்கத்துக்கு அப்பால் ஏரியை ஒட்டிய சேரியில் அவர் வீடு. போர் வந்த பிறகு ஆவடியில் எழும்பிய பட்டாளத்துக் கிடங்கில் மரப்பெட்டி அடிக்கும் வேலை. நானும் அங்கேதான் சரக்குச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். சங்கு ஊதிய பிறகு வருகிறவனைக் கிடங்கு வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சேரியிலிருந்து அம்பத்தூர்ச் சாலைக்கு வர இரண்டு வழிகள். ஊர்த் தெரு நேர் வழி. ஏரிக்கரை சுற்று வழி. மழை பெய்தால் முழங்கால் அளவு சேறு. ஊரின் பெயரை எழுதினால் இந்தக் கட்டுரை அச்சேறாது. அந்தத் தெருவில் சேரிக்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சைக்கிளில் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். கதர் கட்டியவர்கள், வாசலில் கொடி ஏற்றியவர்கள் எல்லாம் அந்தத் தெருவில் உண்டு. வெள்ளைக்காரனை இறங்கிப் போ என்ற அதே வாய்தான் கன்னியப்பனையும் இறங்கிப் போ என்றது.

வேலையில் சேர்ந்த புதிதில் அவர் கரை வழியாக நடந்தே வந்தார். மழைக்காலத்தில் பல நாள் வாசலோடு திரும்பினார். பிறகுதான் சைக்கிள் வாங்க முடிவு செய்தார்.

பூந்தமல்லியில் கரீம் பாயின் சைக்கிள் கடை. அன்று நான் என் ட்யூபை ஒட்டக் கொடுத்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தேன். போர்க்காலத்தில் புதுச் சைக்கிள் கிடைப்பது அரிது. பாயிடம் மூன்று இருந்தன. வாங்க வருகிறவர்கள் மணியை அடித்துப் பார்ப்பார்கள். கைப்பிடியின் பளபளப்பைத் தடவிப் பார்ப்பார்கள். கன்னியப்பன் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டுப் பிரேக்கை அழுத்தினார். காதைச் சாய்த்துக் கேட்டார். அடுத்த சைக்கிளுக்குப் போனார். மறுபடி சுழற்றினார்.

கரீம் பாய் சிரித்துவிட்டார். "இன்னா நைனா, ஒரு தபா மிதிச்சுப் பாக்காம பிரேக்கையே புடிச்சிகினு கீறே? ஓட்றதுக்கு வாங்கறியா, நிறுத்தி வெக்க வாங்கறியா?"

"எல்லா வண்டியும் ஓடும் பாய். எங்காளு சைக்கிள்ல போவ சொல்லோ எவனாவது வோணும்னே குறுக்க வந்து உழுந்தா, ஏன்டா உழுந்தேன்னு எவனும் அவனைக் கேக்க மாட்டான். நான் இடிச்சேன்னுதான் பேசுவான். நிக்கற வண்டியாக் குடு."

பாயின் சிரிப்பு நின்றது. மூன்றில் மங்கலாக இருந்த கறுப்புச் சைக்கிளை வெளியே இழுத்து, பிரேக் கட்டைகளைக் கழற்றிப் புதிதாக மாட்டி, தாமே தெருவில் ஓட்டி நிறுத்திப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது என்னைக் காட்டி, "இவுங்க செட்டோட சேந்து போ. தனியா மட்டும் போவாதே" என்றார்.

செட்டு என்பது எங்கள் காலைக் கூட்டம். ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து ஆவடிக்கு வேலைக்குப் போகிற பத்துப் பன்னிரண்டு பேர். பட்டாளத்து லாரிகள் தனிச் சைக்கிள்காரனை மனிதனாக மதிப்பதில்லை. பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். கூட்டமாகப் போனால் லாரிக்காரன் ஹாரனாவது அடிப்பான். அதற்காகவே சேர்ந்தோம், வேறு பெரிய கொள்கை எதுவும் இல்லை.

முதல் நாள் கன்னியப்பன் தெரு முனையில் காலை ஊன்றி நின்றார். இறங்குவதா, கரைப் பக்கம் திரும்புவதா என்று அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. தணிகாசலம்தான், "நடுவுல வா அண்ணாத்தே. சுத்தி நாங்க கீறோம். எங்க வேர்வை நாத்தத்தைப் பொறுத்துக்க முடியும்னா வா" என்றான். கன்னியப்பன் சிரித்தார். பெடலில் கால் வைத்தார். அவரை நடுவில் விட்டு, எல்லா மணிகளையும் ஒன்றாக அடித்துக்கொண்டு தெருவைக் கடந்தோம். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. தெரு முனையில் நிற்போம்; எல்லோரும் வந்து சேர்ந்த பிறகே நுழைவோம்.

முதல் வாரம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் தெருவில் கருவேல முள் கிடந்தது. அது எல்லோர் டயரிலும் ஏறியது. முள்ளுக்கு ஜாதி பார்க்கத் தெரியவில்லை. அதன் பிறகு ஒருவன் தினமும் ஒரு வாசலில் நின்று எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு எங்கள் வீடுகளுக்கு ஆள் வந்தது. அதட்டல் இல்லை. மோர் வாங்கிக் குடித்துவிட்டு, பிள்ளைகள் எத்தனை, நிலம் எந்தப் பக்கம் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். செட்டில் ஆள் குறைந்தது. ஒருவர் ரயிலுக்கு மாறினார். ஒருவருக்கு முதுகுவலி வந்தது. கடைசியில் ஐந்து பேர் மிஞ்சினோம். ஐந்து பேருக்கு நடுவில் ஒருவரை மறைக்க முடியாது.

அப்போதுதான் அது நடந்தது. நிறுத்தியிருந்த கட்டைவண்டிக்குப் பின்னாலிருந்து ஒருவன் தண்ணீர்க் குடத்தோடு நேராகக் கன்னியப்பனின் சக்கரத்துக்கு முன்னால் பாய்ந்தான். எதிர் வீட்டு வாசலில் நாலைந்து பேர் தடியோடு முன்பே தயாராக இருந்தார்கள். கன்னியப்பன் இரண்டு பிரேக்கையும் அழுத்தினார். சக்கரத்துக்கும் அவன் காலுக்கும் இடையே ஒரு கை அகலம் இருந்தது. குடத்துத் தண்ணீர் சிந்தவில்லை. தடிக்காரர்களின் முகத்தில் நிம்மதி தெரியவில்லை, ஏமாற்றம் தெரிந்தது.

முனிசீப் தம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி நல்லாத்தான் நிக்குது" என்றார். பிறகு குரலை உயர்த்தாமல், "எத்தினி நாளைக்கு?" என்றார்.

இதை நாங்கள் ஐந்து பேரும் கேட்டோம். தெருவும் கேட்டது.

அதற்கடுத்த வாரம் கன்னியப்பனின் வேலை நேரம் மாறியது. மத்தியானம் போய், விளக்கு வைத்த பிறகு திரும்பும் நேரம். செட்டில் ஒருவருக்கும் அந்த நேரம் இல்லை. நான் போய்க் காரணம் கேட்டேன். மேஸ்திரி பல்லைக் குத்திக்கொண்டே, மேலிடத்து உத்தரவு என்றார். மேஸ்திரி, முனிசீப்பின் மைத்துனர்.

ராத்திரி என் வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் போகலாம் என்று கன்னியப்பனிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அப்படியானால் கரை வழியாகவாவது போங்கள் என்றேன்.

"கரை மேல சைக்கிள் ஏற மாட்டேன். உழுந்தா தூக்க ஆளு கெடையாது. தெருவுலயே போறேன். ரெண்டு பக்கமும் ஊடு கீது. நாலு பேரு பாக்கற எடத்துல எவன் கை வெப்பான்?"

அந்த நாலு பேர் யார் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனிதர்கள் கொல்லமாட்டார்கள் என்று அவர் நம்பினார். அவர் செய்த ஒரே தவறு அதுதான்.

விமானம் வரும் என்ற பயத்தில் சைக்கிள் விளக்குகளுக்குப் பாதி கறுப்பு பூசச் சொல்லியிருந்த காலம். அந்த அரை வெளிச்சத்தோடு அவர் சில நாட்கள் வீடு சேர்ந்தார். பிறகு ஒரு நாள் சேரவில்லை.

காலையில் நான் கரையைப் பார்த்தேன். முந்தின நாள் மழையில் சேறாக இருந்தது. அதில் டயர்த் தடம் ஒன்றுகூட இல்லை. காலடித் தடங்கள் இருந்தன, நிறைய.

அவரைப் புதைத்த பிறகு அவர் மனைவி செங்கேணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து எங்களிடம் விட்டார். அழுது முடித்த முகம். "இத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது? இட்டுகினு போங்க. தெருவுல மட்டும் எறங்காம போங்க" என்றார்.

செய்தி கேட்டுப் பூந்தமல்லியிலிருந்து கரீம் பாய் வந்திருந்தார். ரயிலுக்கு மாறியவர் வந்தார். முதுகுவலிக்காரரும் வந்தார். தெரு முனையில் நின்றோம். எல்லோரும் சேர்ந்த பிறகு நுழைந்தோம். தணிகாசலம் ஒரு கையால் தன் சைக்கிளை ஓட்டிக்கொண்டு, மறு கையால் கன்னியப்பனின் சைக்கிளைப் பிடித்து நடுவில் கொண்டுவந்தான். யார் முதலில் மணி அடித்தார்கள் என்று தெரியாது. கதவுகள் சாத்திக்கொண்டன. முனிசீப் மட்டும் வாசலில் நின்றார்.

அவருக்கு நேர் எதிரில் கரீம் பாய் இறங்கினார். இறங்கியவர் அவர் ஒருவர்தான். காலிச் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைக் கையால் வேகமாகச் சுழற்றினார். கம்பிகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை சுழற்றினார். பிறகு பிரேக்கை அழுத்தினார்.

சக்கரம் நின்றது.

முனிசீப் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தணிகாசலத்தின் முகத்தில் அவர் பார்வை அதிக நேரம் நின்றது.

நேற்றுத் தணிகாசலத்தின் வேலை நேரம் மாற்றப்பட்டிருக்கிறது. மத்தியானம் போய், விளக்கு வைத்த பிறகு திரும்பும் நேரம். இன்று அவன் வெளியே வரும்போது கிடங்கு வாசலில் நாங்கள் எல்லோரும் நிற்போம். கன்னியப்பனின் சைக்கிளும் நிற்கும்.

போய் வாருங்கள், கன்னியப்பன். உங்கள் பிரேக் கடைசி வரை பிடித்தது. அதை நாங்கள் பார்த்தோம்.