ஏழு தண்ணி பார்த்த பட்டு

ஒரு பட்டு ஸ்கார்ஃபுக்கு மொத்தம் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று வெளிநாட்டு பையர் கேட்டபோது, ஆரணியில் எங்கள் ஏற்றுமதி அலுவலகமே பயந்தது. சாயப்பட்டறை மாஸ்டர் தேவராஜ் மட்டும் பூரித்துப்போனார்.

சாயம் போட்ட பட்டை எத்தனை முறை அலசினார்கள் என்பதுதான் அவர் பட்டறையின் கௌரவம். ஏழு தண்ணி பார்த்த பட்டு என்றால் சாயம் கசியாது. பையர் தன் தரத்தைச் சோதிக்கிறார் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

அளக்க வந்த ஆடிட்டர் சென்னைக்காரப் பெண். சிரிக்கும் வழக்கம் இல்லாதவர். குழாயில் பொருத்திய புது மீட்டருக்கு தேவராஜ் மாலை போட்டு, கண்ணாடி மேலேயே சந்தனம் பூசியிருந்தார். ஆடிட்டர் அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். எண்கள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தன.

"ஏழு இன்னா மேடம், உங்களுக்காக ஒம்போது தண்ணி உட்டுகினு இருக்கேன்," என்றார் தேவராஜ்.

தண்ணீரைக் குறைவாகச் செலவழிக்கும் பட்டறைக்குத்தான் ஆர்டர் என்று ஆடிட்டர் நிதானமாகச் சொன்னார். குழாயை மூட ஓடிய எங்கள் மேனேஜர் வழுக்கி, பச்சைச் சாயத் தொட்டிக்குள் உட்கார்ந்தார். யாரும் சிரிக்கத் துணியவில்லை. ஆர்டர் போனால் பட்டறையில் பாதி அடுப்பு அணைந்துவிடும்.

ஓரத்தில் மூடிக் கிடந்த தொட்டியில் என்ன என்று ஆடிட்டர் கேட்டார். தேவராஜ் திருட்டுப் பொருளோடு அகப்பட்டவர் போல நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். ரோஸ் பட்டு அலசுன தண்ணியிலதான் அரக்கு கலருக்கு மொத அலசு. இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னு மூடி வெச்சேன்."

அவர் மறைத்ததைத்தான் ஆடிட்டர் தேடி வந்திருந்தார். வழக்கமான நாளில் வழக்கம்போல வேலை செய்யுங்கள், மறுபடி அளக்கிறேன் என்றார். அப்படியே அளந்தார். எண் பாதிக்கும் கீழே இறங்கியது.

அதன் பிறகுதான் அடுத்த விஷயம் வந்தது. பட்டறைத் தண்ணீர் மொத்தக் கணக்கில் கொஞ்சம்தானாம். பெரும்பங்கு பட்டுப்புழுவுக்கு இலை வளர்க்கும் மல்பெரித் தோட்டத்தில் பாய்ந்தது. நூல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். கர்நாடகா என்றோம்.

கால்சட்டையில் பச்சை போகாத மேனேஜர் மெல்ல வாய் திறந்தார். "தண்ணி உடமாட்டேன்றான்னு நாம பேஜார் பண்ணிகினு இருக்கோம். அவன் இன்னாடான்னா அதையே பட்டு நூலா முறுக்கி பார்சல்ல அனுப்பிகினு இருக்கான்."

ஆடிட்டர் நூல் மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அந்தத் தண்ணியும் கணக்குல சேருமா மேடம்?" என்று தேவராஜ் கேட்டதும் மறுபடி தொடங்கினார்.

ஆர்டர் வந்தது. மீட்டருக்கு இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் சந்தனம் உண்டு, கண்ணாடியை விட்டு ஓரமாக.

இளையவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. யாராவது அளக்க வந்தால் முதலில் கேட்டுவிடுங்கள்: கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா?