ஆட்டத்துக்கு வராதவருக்கு ஒரு நோட்டீஸ்

விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தால், கையில் கிடைத்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும்; தராவிட்டால் 'சொல்வதற்கு ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொண்டு மேல்நடவடிக்கை தொடரலாம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் பணியாளர் துறை அதிகாரியாக இருந்த தொழிற்சாலையின் நிலையாணை இது. என்னிடமிருந்து அந்த நோட்டீஸை அதிகம் வாங்கியவர் பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேன். இன்று எனக்கிருக்கும் ஒரே நண்பர் அவர்தான்.

நட்புக்குக் காரணம் ஒரு சினிமா. முப்பது வருடத்துக்கு முன் ஒரு வேலை நாளின் மதியக் காட்சியில், இடைவேளை விளக்கு எரிந்தபோது பக்கத்து நாற்காலியில் அவர் இருந்தார். அவர் ஷிஃப்டில் இருந்திருக்க வேண்டும். நான் ஆபீசில் இருந்திருக்க வேண்டும். நடவடிக்கை எடுப்பதென்றால் சாட்சி நான்தான். சாட்சி எங்கே உட்கார்ந்து பார்த்தார் என்ற கேள்வி வரும். இரண்டு பேரும் கடலை தின்றுகொண்டே மிச்சப் படத்தைப் பார்த்தோம்.

இப்போது அவர் கும்மிடிப்பூண்டியில், நான் திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில். மகள் வாங்கி வைத்துவிட்டுப் போன கேம் பெட்டி என் டிவிக்குக் கீழே இருக்கிறது; அவர் வீட்டில் இருப்பது மருமகனுடையது. மாதச் சந்தாவில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள். எதையும் அலமாரியில் அடுக்க வேண்டாம். பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகலாம், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கல்யாணப் பந்தியில்கூட இந்தச் சுதந்திரம் கிடையாது. முக்கியமாக, பட்டியலை விட்டுப் போகப்போகும் ஆட்டத்தின் மேல் போகும் தேதியை ஒட்டிவிடுவார்கள். பணி ஓய்வு ஆணை மாதிரி. தேதி வந்ததும் மரியாதையாகப் போய்விடும். சினிமாக் கதாநாயகன்போல் பல வருடம் கழித்து மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டு திரும்பி வராது.

நாங்கள் ஆடியது ஒரு சரக்கு ரயில் ஆட்டம். ஒருவர் இன்ஜினை ஓட்ட, இன்னொருவர் தண்டவாளம் மாற்ற வேண்டும். தனியாக ஆட முடியாது. தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, காதில் ஹெட்செட்டோடு இரண்டு மணி நேரம். பனிமலைகளைத் தாண்டியாகிவிட்டது. கடைசி நிலையம் மட்டும் பாக்கி. முப்பதாம் தேதியோடு ஆட்டம் போகிறது என்று ஒட்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து, அன்று கடலை தின்றுகொண்டு பார்த்த எங்கள் படத்துக்கு இரண்டாம் பாகம் வந்தது.

இரண்டாம் பாகம் என்றாலே எனக்குச் சந்தேகம். செத்துப்போன வில்லனுக்குத் திடீரென்று ஒரு தம்பி இருப்பான். பழைய பாட்டை டிரம்ஸ் வைத்து அடிப்பார்கள். கதாநாயகன் படியிறங்கி வருவதற்குள் மூன்று பேர் அவருடைய பழைய வசனத்தைச் சொல்லி ஞாபகப்படுத்துவார்கள். நண்பரோ புதுச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, திருவள்ளூர் தியேட்டருக்கு வந்து நின்றார்.

கதாநாயகன் திரையில் வந்ததும் எழுந்து விசிலடித்தார். முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருய்யா, மானம் போவுது. பல்செட்டு எகிறி முன்சீட்டுல விழப்போவுது."

உட்கார்ந்தார். அதன் பிறகு விசில் இல்லை. நானும் அதோடு நிறுத்தியிருக்கலாம். வெளியே வந்ததும் ஆரம்பித்தேன்.

"இது படமில்லய்யா, மொதல் படத்துக்குத் திவசம். அதுக்கு டிக்கெட் வேற."

"செரி சார்," என்றார். "எதுலயும் ஒரு குத்தம் கண்டுபுடிக்கலன்னா ஒனக்குத் தூக்கம் வராது. சர்வீஸ்லயும் அப்டித்தான் இருந்த." பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் ஆட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போனை எடுக்கவில்லை.

"தப்புதான்னு ஒரு வார்த்த சொன்னா வாய் தேஞ்சிடுமா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

நான் செய்தது வேறு. சிரித்துவிடுவார் என்று நம்பி, இருபத்தைந்தாம் தேதி பழைய வாசகத்திலேயே ஒரு நோட்டீஸ் அடித்துப் போனில் அனுப்பினேன்: 'முன் அனுமதியின்றி மூன்று நாட்களாக ரயில் பணிக்கு வராத தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' இரண்டு நீல டிக் விழுந்தது. அவ்வளவுதான். சர்வீஸ் முழுக்க அந்த வாசகத்தை வாங்கியவருக்கு அதில் என்ன சிரிப்பு இருக்கும் என்பதை அனுப்பிய பிறகு யோசித்தேன்.

நாற்பத்தெட்டு மணி நேரம் கழிந்தது. 'சொல்வதற்கு ஒன்றுமில்லை' என்று எத்தனை கோப்புகளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். சொல்வதற்கு நிறைய இருப்பவர்தான் இப்படி வாயை மூடிக்கொள்வார் என்று அப்போது தோன்றியதில்லை.

இருபத்தெட்டாம் தேதி, சர்வீசில் ஒருமுறைகூடச் செய்யாததைச் செய்தேன். 'மேற்படி நோட்டீஸ் திரும்பப் பெறப்படுகிறது. பல்செட் பற்றிச் சொன்னது தவறு. அந்தப் படத்தில் உருப்படியாக இருந்தது உங்கள் விசில் ஒன்றுதான்.'

முப்பதாம் தேதி மதியம் தனியாக ஆட்டத்தைத் திறந்து உட்கார்ந்தேன். இன்ஜின் புகைவிட்டபடி நின்றது. இன்னொரு ஆட்டக்காரருக்காகக் காத்திருப்பதாகத் திரை சொன்னது. நாலு மணிக்கு மனைவி சீரியல் பார்க்க டிவியைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை பட்டியலில் ரயில் இல்லை.

அன்று பகல், நண்பரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது.

"வாபஸ் கெடச்சுது சார். படம் பேஜாருதான், எனக்குத் தெரியாதா இன்னா? நான் விசில் அட்ச்சது பழைய படத்துக்கு. அந்த ரயிலு போய்த் தொலையட்டும், நீயும் கொஞ்சம் காத்துக்கினு கெடன்னுதான் கம்முனு இருந்தேன். புச்சா ஒரு கப்பல் ஆட்டம் வந்துகீது, எறக்கி வை. சாப்ட்டுட்டு வரேன். நான்தான் ஓட்டுவேன், நீ கீழ கரி அள்ளு."

பதில் வந்த தேதி ஒன்று; நோட்டீஸின் கெடு முடிந்து நாலு நாள்.