கொசுவம் சொருகும் இடம்

அம்மா இருந்திருந்தால், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் அட்டையின் நிறத்தைத்தான் முதலில் பார்த்திருப்பார். சாம்பல் நிறமாக இருந்தால் "இத எவ வாங்குவா?" என்று கேட்டிருப்பார். அதனால்தான் மாம்பழ மஞ்சளில் அச்சிடச் சொன்னோம். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவுகளும் நட்புகளும் அழாமல் படிக்க வேண்டும் என்பது மகளாகிய என் வேண்டுகோள்.

சந்தவாசலில் பிறந்து ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் அம்மா. அப்பாவின் தறிக்கூலி போதாமல் போனபோது பட்டுக்கடையில் விற்பனைக்குச் சேர்ந்தார். முப்பது ஆண்டுகள் நின்றபடியே வேலை. வாங்க வந்தவர்கள் தயங்கினால், புடவையைத் தன் மேலேயே வைத்துக் காட்டுவார். ஏழு கொசுவம் மடிந்து இடுப்பில் ஏறுவதற்குள் அந்தப் புடவை விற்றுப்போயிருக்கும். அதில் அவருக்குக் கர்வம் உண்டு. எனக்கும்தான்.

சிறுநீரில் ரத்தம் வந்ததை மூன்று மாதம் எங்களிடம் மறைத்துவிட்டார். அதற்காக நான் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். சென்னையில் சோதித்து, சிறுநீர்ப்பையில் புற்றுநோய், ஆரம்ப நிலை என்றார்கள். கருவியை உள்ளே விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். திரும்ப வந்தது. மறுபடி எடுத்து மருந்தும் விட்டார்கள். அப்போதும் வந்தது. சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டு, வயிற்றின் மேல் வெளிப்பை ஒன்றை ஒட்டிவிடுவதுதான் பாதுகாப்பு என்றார் மருத்துவர்.

அம்மா கேட்டார்: "இங்க பை தொங்கினா, கொசுவத்த எங்க சொருவறதுங்க டாக்டர்?"

மருத்துவருக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ்தான் எடுத்துச் சொன்னார். மருத்துவர் சற்று யோசித்துவிட்டு, இன்னொரு வழி இருக்கிறது என்றார். மருந்தை உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்கி, சிறுநீர்ப்பைக்குள் ஒரு மணி நேரம் சுற்றவிடுவார்களாம். சூட்டில் மருந்து இன்னும் ஆழமாக இறங்குமாம். எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது, அடுத்த சோதனையில் கட்டி தெரிந்தால் சிறுநீர்ப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார். அம்மா தலையாட்டினார்.

செய்தி கலசப்பாக்கம் போய்ச் சேர, பெரியம்மா கல் உப்பும் இரும்புச் சட்டியுமாக வந்து இறங்கினார். "சூடுதான் மருந்துன்னா நா ஒத்தடம் குடுக்கறேன். எதுக்குடி மெட்ராஸ் வரைக்கும் ஓடிகினு கெடக்கறீங்க?" என்றார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒத்தடமும் வாங்கிக்கொண்டார்.

ஆறு வாரம், வாரம் ஒரு முறை, முதல் பஸ். அந்த ஒரு மணி நேரமும் எரிச்சல் தாங்காமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார், வாய் மட்டும் ஓயாது. அந்த நர்சுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. "உன் மாநிறத்துக்கு அரக்குதான் எடுப்பா இருக்கும் கண்ணு, மாம்பழ மஞ்சள் பார்டரோட. கடைக்கு வா, நானே கட்டிக் காட்டறேன்" என்றார். அடுத்த சோதனையில் என்ன வருமோ என்று நான் வெளியே நகம் கடித்துக்கொண்டிருந்தேன், அம்மா உள்ளே வியாபாரம் பேசிக்கொண்டிருந்தார்.

சோதனை நாள் வந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார் மருத்துவர். நான் ஓவென்று அழுதுவிட்டேன். "ஜல்தி கெளம்புடி, முகூர்த்த சீசன்" என்றார் அம்மா. அடுத்த மாதமே நர்ஸ் கடைக்கு வந்தார். அந்த அரக்குப் புடவையை அம்மா தன் இடுப்பில் சொருகிக் காட்டியபோது கடையே கைதட்டியது.

அதன்பின் நான்கு ஆண்டுகள், ஒவ்வொரு சோதனையும் சுத்தம். சென்ற ஆண்டு ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

அந்த மருத்துவருக்கும், அரக்குப் புடவையிலேயே அஞ்சலிக்கு வந்த நர்சுக்கும், ஒத்தடம் கொடுத்த பெரியம்மாவுக்கும், கடையில் உடன் நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

குளிப்பாட்டியபின் அம்மாவுக்குப் புடவை கட்டியது நான்தான். "நேரமாவுதுடி" என்றார் பெரியம்மா. ஆகட்டும் என்று ஏழு கொசுவத்தையும் நிதானமாக மடித்தேன். அம்மா எப்போதும் சொருகும் அதே இடத்தில் சொருகினேன்.