நன்றி சொல்லப் போய் வந்த வினை

அந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் ஆபரேட்டர் அக்காதான். மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த ஓர் அறையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன், முனகிக்கொண்டே சுற்றும் ஒரு ஃபேன். ஜன்னல் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்று மேலாளர் அதற்காக வருத்தப்பட்டபோது, "எனக்கெதுக்கு சார் ஜன்னல்? பாக்கத் தெரிஞ்சவங்களுக்குக் குடுங்க" என்று சொல்லி அவரைத் திணற அடித்தாள்.

அவளுக்குப் பார்வை கிடையாது. பிறவியிலேயே இல்லாமல் போனதல்ல. கல்யாணமான புதிதில் இருட்டில் தடுக்கத் தொடங்கியது. பிறகு பக்கவாட்டில் இருப்பதெல்லாம் மறைந்தது. கடைசியில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் மிஞ்சியது. கணவர் சலூன் வைத்திருப்பவர். ஊர்த் தலையையெல்லாம் தடவிப் பார்த்த கை, மனைவியின் தலையைத் தடவி ஆறுதல் சொல்ல மட்டும் தயங்கியது. அதற்குப் பதில் கிண்டல் பண்ணுவார். "உன்னைக் கட்டிக்கிட்டதுல எனக்கு ஒரே லாபம், என் நரை உனக்குத் தெரியாது" என்பார். "தெரியாட்டி என்ன, டை நாத்தம் வருதே" என்பாள் இவள். அப்படியே ஓடியது குடும்பம்.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. வேலைக்குப் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு.

அவள் நிற்கும் நிறுத்தத்தில் ஏழெட்டு ரூட் பஸ்கள் வரும். எது வருகிறது என்று யாரையாவது கேட்க வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் சரி. இல்லாவிட்டால், கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் கைத்தடியை முன்னால் நீட்டிக்கொண்டு, "இது எந்த பஸ்ஸுங்க?" என்று காற்றைப் பார்த்துக் கேட்க வேண்டும். சில டிரைவர்கள் சொல்வார்கள். சிலர், "முன்னாடி கொட்டை எழுத்துல போட்டிருக்கே" என்பார்கள், பிறகு தடியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். பலர் நடைபாதையை ஒட்டி நிறுத்தாமல் நடுரோட்டிலேயே நிறுத்துவார்கள். இடையில் என்ன இருக்கிறது, பள்ளமா, பைக்கா, ஒன்றும் தெரியாமல் அவள் இறங்கி நடப்பதற்குள் வண்டி உறுமத் தொடங்கிவிடும். ஏறி ஒரு காலை உள்ளே வைத்ததும் கிளப்பிவிட்டு, முன்பின் தெரியாதவர் மடியில் அவளை உட்கார வைத்த டிரைவர்களும் உண்டு. ஒருமுறை யாரோ தப்பாகச் சொன்ன பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் தனியாக இறங்கி நின்றாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

கணவர் கூட வந்து ஏற்றிவிடுவதாகச் சொன்னார். "காலைலதான் உங்களுக்கு நாலு தலை வரும். அதையும் விட்டுட்டு என் பின்னாடி வரப் போறீங்களா?" என்று தடுத்துவிட்டாள். உண்மைக் காரணம் அதுவல்ல. ஒரு வேலையையாவது யார் கையையும் பிடிக்காமல் செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு.

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் காலை, நிறுத்தத்தில் ஒரு பஸ் வந்து அணைந்தது. அணைந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சக்கரம் நடைபாதைக் கல்லை உரசாத குறை. கதவு திறந்தது. உள்ளிருந்து கணீரென்று ஒரு குரல்:

"இருபத்தொண்ணு! ஆஸ்பத்திரி, மார்க்கெட், ரயில்வே ஸ்டேஷன்! இருபத்தொண்ணு!"

அவள் திகைத்து நின்றாள். குரல் கொஞ்சம் தணிந்தது. "ஆஸ்பத்திரிக்காம்மா? வாங்க. ஒரே படி. கம்பி உங்க வலது கைப்பக்கம். ரெண்டாவது சீட் காலியா இருக்கு. நீங்க உக்காந்ததும் சொல்லுங்க, எடுக்கறேன்."

உட்கார்ந்தாள். சொன்னாள். அதற்குப் பிறகுதான் வண்டி நகர்ந்தது.

மறுநாளும் அதே குரல். அடுத்த நாளும். பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "என்ன டிரைவர் சார், ஏலமா விடறீங்க?" என்று கேட்டார். "ஆமா சார், வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்" என்றார் டிரைவர். பஸ்ஸே சிரித்தது. கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் லவுட்ஸ்பீக்கர் என்பதும் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

காது மட்டுமே வைத்துக்கொண்டு அவள் அந்த மனிதரைப் படித்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரிக்கு முந்தி, ஆட்கள் ரோட்டைக் கடக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே வண்டி நிற்கும். எதிரே, ஊன்றி நடக்கிற ஒரு வாக்கரின் கால்கள் தார் ரோட்டில் டக் என்று ஊன்றும். பிறகு ஒரு காலடி இழுபடும். மறுபடி டக். யாரோ வயதானவர். பின்னால் வரிசையாக ஹாரன் கதறும். ஆனால் டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்து உறும விடமாட்டார், 'சீக்கிரம்' என்று ஒரு சின்ன ஹாரன்கூட அடிக்கமாட்டார். ஏதோ பாட்டை மூக்கால் பாடிக்கொண்டிருப்பார். அந்த டக் சத்தம் அந்தப் பக்கத்து நடைபாதையில் ஏறி மாறும்வரை வண்டி அசையாது.

ஒரு நாள் அவளால் பொறுக்க முடியவில்லை. இறங்கும்போது கேட்டுவிட்டாள்.

"அண்ணே, உங்க வீட்ல யாருக்காவது என்னை மாதிரி…?"

"இல்லம்மா, எல்லாரும் நல்லா இருக்காங்க. ஏன் கேக்கறீங்க?"

"இவ்வளவு பாத்துப் பண்றீங்களே, அதான்."

"டிரெய்னிங்ல சொல்லிக் குடுத்ததுதாம்மா. கண்ணு தெரியாதவங்க நின்னா நம்பரைச் சொல்லணும், கல்லை ஒட்டி நிறுத்தணும், உக்காந்தப்புறம் எடுக்கணும், நடக்கறவங்க கடந்து முடிக்கற வரைக்கும் நிக்கணும். எல்லாருக்கும்தான் சொன்னாங்க. எனக்கு மறக்கல, அவ்வளவுதான்."

"ரொம்ப நன்றிண்ணே."

"சம்பளம் வாங்கறேனேம்மா, இதுக்கெதுக்கு நன்றி? படி பாத்து… கல்லு பக்கத்துலயே இருக்கு."

அவர் அப்படிச் சொன்னது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. அவளும் சம்பளத்துக்குத்தான் பேசுகிறாள். ஆனால் எப்போதாவது எதிர்முனையில் யாராவது, "நல்லபடியா லைன் போட்டுக் குடுத்தீங்கம்மா, நன்றி" என்று சொன்னால், அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது நடையே வேறாக இருக்கும். அந்த நடையை அவருக்கும் ஒரு நாள் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் போக்குவரத்து அலுவலகத்தின் குறைதீர்க்கும் எண்ணைத் தேடிப் பிடித்துப் போட்டாள். உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு குரல் சொன்னது. பிறகு ஒரு பெண் வந்தாள்.

"சொல்லுங்க, என்ன புகார்?"

"புகார் இல்லம்மா. ஒரு டிரைவரைப் பாராட்டணும்."

"பாராட்டுக்கு இங்க இடமே இல்லையே மேடம். தாமதம், நிறுத்தாம போனது, மரியாதைக் குறைவு, மத்தவைன்னுதான் இருக்கு."

"மத்தவைல போடுங்களேன்."

பெண் சம்மதித்தாள். அக்கா மனம்விட்டுப் பேசினாள். எதிர்முனையில் விரல்கள் படபடவென்று தட்டும் சத்தம் கேட்டது. நல்ல வேகமான பெண் என்று மனதுக்குள் மெச்சினாள். அந்த வேகத்தில் அந்தப் பெண் தட்டியதெல்லாம் ஒரே வரிதான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மற்றவை: இருபத்தொன்றாம் நம்பர் ஓட்டுநர் நிறுத்தத்தில் சத்தம் போடுகிறார், வண்டியை எடுக்கத் தாமதிக்கிறார்.

அடுத்த வாரம் நிறுத்தத்தில் ஒரு பஸ் வந்தது. கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது. குரலே இல்லை. பக்கத்தில் வந்து நின்ற ஒருவர், "அது இருபத்தொண்ணாச்சே, நீங்க ஏறலியா?" என்று கேட்டார்.

அந்த டிரைவருக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று அவளுக்குக் கவலை வந்தது. மறுநாள் கேட்டுக் கேட்டு இருபத்தொன்றில் ஏறினாள். தடுமாறி உட்கார்ந்து, புது டிரைவரிடம் விசாரித்தாள்.

"லவுட்ஸ்பீக்கரா?" என்றார் அவர். "அவர் மேல புகார்ம்மா. சத்தம் போடறாராம். வண்டி குடுக்காம டெப்போல உக்கார வச்சிருக்காங்க, விசாரணை முடியற வரைக்கும். யாரோ ஒரு புண்ணியவதி போன் பண்ணி மாட்டி விட்டுட்டா."

அந்தப் புண்ணியவதி தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரி நிறுத்தத்தைத் தவறவிட்டு மார்க்கெட்டில் இறங்கினாள்.

சாயங்காலம் சலூனில் விஷயத்தைக் கேட்டதும் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நன்றி சொல்லி ஒரு மனுஷனை டெப்போல உக்கார வச்ச ஒரே ஆள் நீதான்!" பதிலுக்கு ஒரு சுள்ளென்ற வார்த்தையை எதிர்பார்த்தவர், அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டதும் அடங்கிப் போனார். கத்தரிக்கோலை மேஜை மேல் வைத்தார்.

"அழாத. நாளைக்குக் காலைல டெப்போக்குப் போறோம். நானும் வரேன். ஏத்திவிட இல்ல, வேடிக்கை பாக்க."

டெப்போ முழுக்க டீசலும் ஈரமும் மணந்தது. எங்கோ பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நகரும் வண்டிகளின் பீப் சத்தம் நாலு பக்கமும் கேட்டதால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியவில்லை. கணவர் முழங்கையை நீட்டினார். இந்த ஒரு தடவை அவள் வீம்பு பிடிக்காமல் பிடித்துக்கொண்டாள்.

டெப்போ மேலாளர் ஒரு பெண்மணி. களைத்த குரல், ஆனால் கடுகடுப்பு இல்லை.

"இருபத்தொண்ணு டிரைவர் மேல இருக்கற புகார் என்னுது மேடம். ஆனா அது புகார் இல்ல."

"அப்ப வாபஸ் வாங்கிக்கறீங்களா?"

"வாபஸ் வாங்கினா நான் சொன்ன நல்லதும் சேந்து போயிடுமே!"

"திருத்தறதுக்கு இதுல வழியில்லம்மா. ஒண்ணு இருக்கும், இல்லாட்டி அழிஞ்சிடும்."

அக்கா ஒரு கணம் யோசித்தாள். டெலிபோன் தொழிலில் ஊறியவள் அல்லவா. "நான் பேசினது பதிவாகியிருக்கும். மொதல்லயே ஒரு குரல் அப்படிச் சொல்லுச்சு. அதைப் போட்டுக் கேளுங்க மேடம்."

மேலாளர் இரண்டு மூன்று பேருக்குப் போன் போட்டார். டிரைவரையும் வரச் சொன்னார். கதவோரம் காக்கித் துணி உரசும் சத்தமும், தொண்டையைச் செருமும் சத்தமும் கேட்டன. அவ்வளவு பெரிய குரல் உள்ள மனிதர் மூச்சுவிடக்கூடச் சத்தம் போடாமல் நின்றார்.

கம்ப்யூட்டரிலிருந்து அவளுடைய குரலே கிளம்பி வந்தது.

"எனக்குப் பார்வை கிடையாதும்மா. தினமும் காலைல ரோட்ல நின்னு போறவங்க வரவங்ககிட்டல்லாம் கெஞ்சிட்டு இருந்தேன். எந்த பஸ்ஸு, எந்த பஸ்ஸுன்னு. பிச்சை எடுக்கற மாதிரி இருக்கும். வீட்டுக்காரர்கிட்ட கூடச் சொன்னதில்ல. இந்த அண்ணன் வந்தப்புறம் நான் யாரையும் கேக்கறதில்ல. அவரே கூப்பிடறாரு. நான் உக்கார்ற வரைக்கும் காத்திருக்காரு. ரோட்டைக் கடக்கறவங்களுக்கும் அப்படித்தான், எவ்வளவு நேரமானாலும் அவசரப்படுத்த மாட்டாரு. காலைல வேலைக்குப் போய் உக்காரும்போது நானும் மத்தவங்க மாதிரிதான் வந்தேன்னு ஒரு நினைப்பு வருதும்மா. அதை அவருக்கு யாராவது சொல்லணும். நான் சொன்னா சம்பளத்துக்குத்தானேங்கறாரு…"

அந்நியப் பெண் ஒருத்தியிடம் என்று நம்பிச் சொன்ன பேச்சு. அதை அறையில் இருந்த எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு முகம் சுட்டது. பக்கத்தில் கணவரின் கை அவள் முழங்கையை இறுக்கியது. 'வீட்டுக்காரர்கிட்ட கூட' என்ற இடத்தில்தான் அந்தப் பிடி இறுகியது என்பதை அவள் கவனித்தாள்.

பதிவு முடிந்தது. மேலாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு நான் இவர் மேல என்னன்னு நடவடிக்கை எடுக்கறது?" என்றார்.

லவுட்ஸ்பீக்கர் இவ்வளவு மெதுவாகப் பேசி இவள் கேட்பது இதுவே முதல் தடவை. "என்னால உங்களுக்குத்தான்ம்மா வீண் அலைச்சல்" என்று மட்டும் சொன்னார்.

"என்னாலதான் உங்க வண்டி போச்சு. அதைச் சொல்லுங்கண்ணே."

"அதனால என்னம்மா. நாலு நாள் உக்காந்திருந்தேன், இடுப்பு வலி கொறஞ்சிருக்கு."

அறையில் ஒரு சிரிப்பு எழுந்து இறுக்கத்தைக் கலைத்தது. அந்தச் சாக்கில் அக்கா இன்னொன்றையும் கேட்டுவிட்டாள். "மேடம், இவர் லீவு போட்டா நான் மறுபடி கெஞ்சணும். டிரெய்னிங்ல எல்லாருக்கும் இதைச் சொல்லித் தர்றாங்களாமே. மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தக் கூடாதா?"

மேலாளர் உடனே எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பதிவை, சம்பந்தப்பட்டவளின் அனுமதியோடு, டிரைவர்கள் பணிக்குக் கிளம்பும் முன் கூடும் இடத்தில் ஒரு வாரம் போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு நிறுத்தத்தில் குரல்கள் வரத் தொடங்கின. எல்லாம் ஒரே மாதிரி அல்ல. ஒருவர் கடனே என்று முணுமுணுப்பார். ஒருவர் நம்பரை மட்டும் சொல்வார், போகும் இடம் அவருக்கே மறந்திருக்கும். ஒருவர் அவளைச் செவிடு என்று நினைத்துக்கொண்டு காதுக்குள் கத்துவார். இன்னும் சிலர் எப்போதும் போல ஒன்றும் சொல்லாமல் போவார்கள். அன்றைக்கு அவள் பழையபடி கேட்டுத் தெரிந்துகொள்வாள். முணுமுணுத்தவருக்கும் அவள் இறங்கும்போது நன்றி சொல்லாமல் இருந்ததில்லை. கொஞ்ச நாளில் அந்த முணுமுணுப்பு தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது.

லவுட்ஸ்பீக்கருக்கு இருபத்தொன்று திரும்பக் கிடைத்தது. முதல் நாள் கூச்சத்தில் மெதுவாகத்தான் கூப்பிட்டார். பிறகு சரியாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சலூனுக்கு முடி வெட்டிக்கொள்ள வந்தார். அவரைப் பார்த்ததும் கணவர் போர்த்தும் துணியைப் புதிதாக எடுத்து உதறினார். தலையைக் குனிய வைத்து, பிடரியில் கத்தி வைத்துக்கொண்டே, "அவ கெஞ்சிக்கிட்டு நின்னது எனக்குத் தெரியாதுண்ணே" என்றார். சற்றுப் பொறுத்து, "உங்களாலதான் தெரிஞ்சுது" என்றார். டிரைவர் குனிந்தபடியே தலையை ஆட்டப் போனார்.

"அசையாதீங்க" என்றார் கணவர். "அவ உக்காந்தப்புறம்தானே நீங்க வண்டியை எடுக்கறீங்க? நானும் முடிச்சுட்டுச் சொல்றேன், அப்புறம் அசைங்க."