பெட்டிக்குத் தலையணை தைப்பவள்

சவப்பெட்டிக் கடைக்காரர்களிடம் மட்டும் யாரும் "வியாபாரம் எப்படி?" என்று விசாரிப்பதில்லை. நன்றாகப் போகிறது என்றாலும் வம்பு, டல் என்று அலுத்துக்கொண்டாலும் வம்பு. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்காரர் பெட்டி அடிப்பார். நான் உள்ளே வெள்ளைத் துணி வைத்து, ஓரத்துக்குச் சுருக்கம் பிடித்து, தலையணை தைப்பேன். மூடியில் பேரும் வயசும் எழுதுவதும் நான்தான். தையல் மெஷின் மிதித்து மிதித்தே முழங்கால் தேய்ந்தவள். மூட்டுவலி, கண் மங்கல், மாடிப்படியைப் பார்த்தாலே மூச்சுவாங்கல் என்று அவதிப்படும் என் வயதுக்காரர்களே, உங்களிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்? ஞாயிற்றுக்கிழமை நித்திய ஜீவனைப் பற்றி வாய் நிறையப் பாடுவேன். திங்கட்கிழமை பெட்டியை மூடும்போது, இதற்கப்புறம் ஒன்றுமே இல்லையோ என்று பயம் வரும். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த பிறகுதான் இந்தப் பயம் பிடித்தது. அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அதற்குப் பின்னால் நடந்ததில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

பஞ்சு ஜாஸ்தி

2006, சித்திரை வெயில். சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்தார். எண்பதை ஒட்டிய வயது. யாருக்குப் பெட்டி என்று கேட்டேன். "எனக்குத்தான்" என்றார். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்களாம், கடைசி நேரத்தில் அவர்கள் அலையக் கூடாதாம். தரையில் தயாராக இருந்த ஒன்றைக் காட்டினேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மூக்குக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, உள்ளே இறங்கிப் படுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் கடைக்குள் சத்தமே இல்லை. "சார்" என்றேன். இன்னொரு தரம் கூப்பிட்டேன். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தேன். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரைக் கூப்பிடுவது என்று வாசலைப் பார்த்துத் திரும்பியபோது, அவர் கண்ணைத் திறந்து பின்கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பஞ்சு ஜாஸ்திம்மா, கொறைச்சிடு. எழுந்திருக்கற அன்னிக்கி கழுத்து புடிச்சிக்கும்."

சொல்லக் கூடாத வார்த்தை

எங்கள் கடையில் யாரையும் "வாங்க" என்று வரவேற்பதில்லை. "போய்ட்டு வாங்க" என்று வழியனுப்புவதும் இல்லை. தலையை மட்டும் ஆட்டுவோம். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா தன் மாமியாருக்குப் பெட்டி எடுக்க வந்திருந்தார். நான் உள்துணியைத் தைத்து முடிக்கும்வரை என்னோடு பேசிக்கொண்டிருந்தார், தன்மையான மனுஷி. அவர் புறப்படும்போது வாய் தவறி, "போய்ட்டு வாங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் இழைப்புளியை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நாலாம் நாள் மத்தியானம் வாசலில் நிழல் விழுந்தது. அதே அம்மா, அதே ஊதாச் சேலை. தாயாரை அடக்கம் பண்ணிவிட்டு வந்த கணவர், மூன்றாம் நாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே இல்லையாம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்கதான வரச் சொன்னீங்க?"

யார் பேரில்?

அதற்குப் பிறகு போனில் வரும் ஆர்டருக்குக்கூட அளந்துதான் பேசுவேன். அப்படியும் 2008இல் ஒரு தப்பு நடந்தது. சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர் அழுதுகொண்டே பேசினார். "பேரு?" என்றேன். "ஞானப்பிரகாசம்." "வயசு?" "அம்பத்திரண்டு." நீளம், அகலம் கேட்டுக்கொண்டு, மூடியில் சிலுவை போட்டுப் பேரையும் வயசையும் கறுப்புப் பெயின்டில் அழகாக எழுதி வைத்தேன்.

சாயங்காலம் வேனிலிருந்து ஒருவர் இறங்கினார். எந்த ஆர்டர் என்று கேட்டேன். "நான்தாங்க ஞானப்பிரகாசம்" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இறந்தவர் அவருடைய அம்மா. நான் பேர் கேட்டதும், யார் பேர் என்று யோசிக்காமல் மனுஷன் தன் பேரையும் தன் வயதையும் சொல்லியிருக்கிறார். மண்ணெண்ணெய் நனைத்த துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையைத் தடுத்தார்.

"அழிக்காதீங்கம்மா. அதும்மேலயே வெள்ள அடிச்சி அம்மா பேர எழுதுங்க. அவுங்க தனியா எங்கயும் போனதில்ல."

ரெண்டு இஞ்ச்

வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. ஆள் வைத்துப் பெட்டி அடித்தோம். 2011 கடைசியில் அடித்த புயலில் பண்ருட்டிப் பக்கம் பலா மரமெல்லாம் சாய, ஈரப் பலகை வந்து கடைக்குள் அடுக்கானது. அது காயக் காய மத்தியான நேரத்தில் டொக், டொக் என்று விரிசல் விடும். உள்ளேயிருந்து யாரோ தட்டுவது போலவே இருக்கும். எனக்கு அறுபத்து மூன்று ஆகியிருந்தது. போதும் என்று தோன்றிவிட்டது. நம்பிக்கையோடு தைத்தால் சரி, பயந்துகொண்டே எத்தனை தலையணை தைப்பது? ஈஸ்டரோடு கடையை மூடிவிடலாம் என்று அவரிடம் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் பாய் விரித்துக் கண்ணயர்ந்திருந்தேன். குதிகாலில் ஏதோ சில்லென்று பட்டது. விழித்துப் பார்த்தால், என் தலைமாட்டில் சுத்தியலுக்கு அடியில் அளவெடுக்கும் டேப்பின் ஒரு முனை. மறுமுனையை இடது கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர் என் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறார். பலகை டொக்கென்றது. முப்பத்தெட்டு வருஷம் கூடவே வாழ்ந்த மனுஷனைப் பார்க்க எனக்குக் குலை நடுங்கியது. "என்னங்க, எனக்கா?" என்றேன். பெண் பார்க்க வந்த அன்றே தொழில் புத்தியில் என்னைக் கண்ணாலேயே அளந்து, ஐந்து அடி என்று கணக்குப் போட்டவர் அவர். டேப்பைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, கோணிய வாயோடு சிரித்தார்.

"ரெண்டு இஞ்ச் கொறஞ்சிட்ட எஸ்தரு. பயந்துக்காத, அந்த ரெண்டு இஞ்ச் முன்னாடி போயி எடம் புடிச்சி வச்சிருக்கு."

ஈஸ்டர் போய் நாலு மாதமாகிறது, கடை திறந்துதான் இருக்கிறது. வயதாவதில் எங்கள் தொழிலுக்கு இருக்கும் ஒரே சௌகரியம், வரவர மரம் கம்மியாகப் பிடிக்கும் என்பதுதான்.